சூரிய கிரகணத்தைப் படமெடுப்பதற்கான தொலைப்பட வில்லை

சூரிய கிரகணத்தைப் படமெடுப்பதற்கான தொலைப்பட வில்லை என்பது, கிரகணத்தின்போது சூரிய வட்டின் உருவம் ஒளிப்படக்கருவியின் உணரியில் போதிய அளவில் விழும் வகையில் தேர்ந்தெடுக்கப்படும், நீண்ட குவியத் தொலைவு கொண்ட வில்லை ஆகும். பேச்சு வழக்கில் இது டெலிபோட்டோ லென்சு எனப்படுகின்றது. துல்லியமாகக் கூறின், தன் குவியத் தொலைவை விடக் குறைந்த உடல் நீளம் கொண்ட வில்லைத் தொகுதிக்கே இப்பெயர் உரியது. ஆயினும் ஏறத்தாழ 200 மி.மீ.க்கு மேற்பட்ட குவியத் தொலைவுடைய எல்லா வில்லைகளையும் குறிக்க இது வழங்கி வருகின்றது.

எந்த வில்லை ஏற்றது என்பதற்கான விடை கிரகணத்தின் வகை, அவ்வேளையில் வானில் சூரியன் நிற்கும் உயரம், பார்ப்பவரின் ஊர் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். இக்கட்டுரை தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள அச்சன்புதூர் என்னும் பேரூராட்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்தேர்வை விளக்குகின்றது. எவ்வளவு நீளமான வில்லையாயினும், அதன் முன்புறத்தில் உரிய சூரிய வடிகட்டி இல்லையெனில் அது கண்ணுக்கும் கருவிக்கும் தீங்கு செய்யும் பொருளே என்பதை முதலிலேயே குறிப்பிட வேண்டும்.

சூரிய உருவத்தின் அளவு

பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனின் கோண விட்டம் ஏறத்தாழ அரைப் பாகை ஆகும். பூமி சூரியனுக்கு அண்மையில் இருக்கும் ஜனவரித் தொடக்கத்தில் இது சற்றுப் பெரிதாகவும், சூலைத் தொடக்கத்தில் சற்றுச் சிறிதாகவும் இருக்கும். வேறுபாடு 3 விழுக்காட்டை ஒட்டியதே. எனவே நடைமுறையில் ஓர் எளிய விதி போதுமானது. வில்லையின் குவியத் தொலைவை 108ஆல் வகுத்தால் கிடைப்பது உணரியில் விழும் சூரிய உருவத்தின் விட்டமாகும்.

இவ்விதியின்படி 50 மி.மீ. வில்லையில் சூரியன் அரை மில்லிமீட்டர் புள்ளி மட்டுமே. 200 மி.மீ. வில்லையில் 1.9 மி.மீ., 300இல் 2.8 மி.மீ., 500இல் 4.6 மி.மீ., 1000இல் 9.3 மி.மீ. என உருவம் வளர்கின்றது. 2000 மி.மீ. வில்லையில் 18.5 மி.மீ. ஆகும். 24 மி.மீ. உயரமுள்ள முழுச்சட்டக உணரியில் அது அடங்கும், 15 மி.மீ. அளவே உயரமுள்ள சிறிய உணரியில் அடங்காது.

இங்கே பரவலாக நிலவும் ஒரு குழப்பத்தைக் குறிப்பிட வேண்டும். சிறிய உணரி கொண்ட கருவியில் 300 மி.மீ. வில்லை 450 மி.மீ. ஆக மாறிவிடும் எனக் கடைகளில் கூறப்படுவதுண்டு. வில்லை மாறுவதில்லை. அது தரும் சூரிய உருவம் அதே 2.8 மி.மீ. தான், சுற்றியுள்ள வானம் வெட்டப்படுவதால் படத்தில் சூரியன் பெரிதாகத் தோன்றுகின்றது. பெருமாற்றுக் குவியம் கொண்ட கையடக்கக் கருவிகளின் பெட்டிகளில் அச்சிடப்படும் பெரிய எண்களும் இத்தகையனவே. 2015இல் வெளிவந்த நிக்கான் பி900 கருவி 2000 மி.மீ.க்கு இணையானது என விளம்பரப்படுத்தப்பட்டது. அதன் வில்லையின் உண்மையான மிகைக் குவியத் தொலைவு 357 மி.மீ. ஆகும். இதனால் அக்கருவி பயனற்றது என்று பொருளல்ல. அதன் உணரி மிகச் சிறியதாகையால் 3.3 மி.மீ. சூரிய உருவம் படத்தின் உயரத்தில் பெரும்பங்கை நிரப்பிவிடும். ஆனால் இரு கருவிகளை ஒப்பிடும்போது ஒப்பிட வேண்டியது உண்மைக் குவியத் தொலைவையும் உணரியின் அளவையுமே ஆகும்.

அச்சன்புதூரும் 2010ஆம் ஆண்டு வலய கிரகணமும்

2010 ஜனவரி 15 அன்று நிகழ்ந்த வலய சூரிய கிரகணத்தின் பாதை தெற்குக் கேரளம், தென் தமிழ்நாடு, வட இலங்கை ஆகியவற்றின் வழியே சென்றது. அன்று தை அமாவாசை, பொங்கலுக்கு மறுநாள். பாதையின் மையக்கோடு கன்னியாகுமரிக்கும் தனுஷ்கோடிக்கும் மிக அருகில் அமைந்தது. அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அச்சன்புதூர் (தென்காசி தனி மாவட்டமானது 2019இல்) மையக்கோட்டுக்கு நன்கு வடக்கே, ஆயினும் வலயப் பாதைக்கு உள்ளேயே இருந்தது.

இக்கிரகணத்தில் நிலவின் தோற்ற விட்டம் சூரியனுடையதில் ஏறத்தாழ 92 விழுக்காடே இருந்தது. ஆகவே மையக்கோட்டில் நின்றவர்களுக்கு வளையத்தின் தடிப்பு எல்லாப் பக்கமும் சூரிய விட்டத்தில் 4 விழுக்காடு. இதனை 300 மி.மீ. வில்லையில் கணக்கிட்டால் வளையத்தின் தடிப்பு 0.11 மி.மீ. ஆகும். படவணு ஒன்றின் அகலம் ஓராயிரத்தில் 4 மில்லிமீட்டர் எனக் கொண்டால், வளையம் 28 படவணுக்கள் தடிப்புடையதாகப் பதிவாகும். இது அச்சிட்டுப் பார்ப்பதற்குப் போதுமானது. 100 மி.மீ. வில்லையில் 9 படவணுக்களே கிடைக்கும். வளையம் என அடையாளம் காணலாம், அவ்வளவே.

மையக்கோட்டுக்கு வடக்கே உள்ள ஊர்களில் நிலவு சூரிய வட்டின் நடுவே அமையாது தெற்கு நோக்கி ஒதுங்கித் தெரியும். எனவே அச்சன்புதூர் போன்ற இடங்களில் வளையத்தின் வட பகுதி தடித்தும் தென் பகுதி மெலிந்தும் இருக்கும். இந்த மெலிந்த பகுதியே படமெடுப்பவருக்குச் சவாலானது. நிலவின் விளிம்பிலுள்ள மலைகளும் பள்ளங்களும் சூரிய ஒளியைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டும் பெய்லி மணிகள் இத்தகைய மெல்லிய பகுதியிலேயே நன்கு தெரிகின்றன. மையக்கோட்டில் 300 மி.மீ. வில்லையுடன் மனநிறைவடையக்கூடிய ஒருவர், பாதையின் ஓரத்தில் 500 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட வில்லையை நாடுவதற்கு இதுவே காரணம்.

மற்றொரு செய்தி சூரியனின் உயரம். வலயம் நிகழ்ந்தது பிற்பகல் 1.15 மணியை ஒட்டி. அவ்வேளையில் அச்சன்புதூரில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 58 பாகை உயரத்தில் இருந்தது. அவ்வளவு மேல்நோக்கிச் சாய்த்து வைக்கும்போது 2 கிலோகிராமுக்கு மேற்பட்ட வில்லையின் எடை முழுவதும் முக்காலியின் தலைப்பகுதியில் பின்னோக்கி இழுக்கும். மலிவான முக்காலிகள் மெதுவாகச் சரிந்துவிடும். ஆகவே வில்லையை வாங்கும் முன் அதைத் தாங்கும் முக்காலி கையில் உள்ளதா எனப் பார்ப்பது முறை.

எவ்வளவு நீளம் போதும்?

நீளம் கூடக் கூட நுணுக்கம் கூடும் என்பது ஓர் எல்லை வரையே உண்மை. நண்பகலில் வெயிலால் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்று, சூரியனின் விளிம்பை நீரில் நெளிவதுபோல் நெளியச் செய்கின்றது. இந்த அலைவு வழக்கமாகச் சில விகலைகள் இருக்கும். 1000 மி.மீ. வில்லையில் 4 மைக்ரோமீட்டர் படவணு ஒன்று 0.8 விகலையைக் குறிப்பதால், அந்நீளத்திலேயே கருவி காற்றின் நுணுக்கத்தை மிஞ்சிவிடுகின்றது. அதற்கு மேலும் நீட்டினால் மங்கலான உருவம் பெரிய மங்கலான உருவமாகும். சிமெண்டுத் தளமும் மொட்டை மாடியும் இந்நெளிவை மிகுவிக்கும். வயல்வெளியோ புல்தரையோ மேலானது. அச்சன்புதூர்ச் சுற்றுவட்டார நெல்வயல்கள் இவ்வகையில் வாய்ப்பானவை.

பூமியின் சுழற்சியும் கருத்தில் கொள்ள வேண்டியது. சூரியன் தன் விட்டத்தின் அளவு நகர்வதற்கு ஏறத்தாழ 2 நிமிடங்கள் 8 நொடிகள் ஆகும். சிறிய உணரியில் 1000 மி.மீ. வில்லையைப் பொருத்தினால், சட்டத்தின் குறுக்கே நகரும் சூரியன் முக்கால் நிமிடத்துக்குள் விளிம்பைத் தொட்டுவிடலாம். பூமியின் சுழற்சியை ஈடுசெய்து சூரியனைப் பின்தொடரும் தாங்கி இல்லாதவர்கள் வலயம் நீடிக்கும் சில நிமிடங்களையும் சூரியனைத் தேடுவதிலேயே செலவிட நேரும். 400 முதல் 600 மி.மீ. வரையிலான வில்லைகள் பெரும்பாலானோருக்கு உகந்தவை எனக் கருதப்படுவது இதனாலேயே.

வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. சூரியனின் ஒளிமகுடத்தைச் சரியாகப் பதிவு செய்த முதல் கிரகணப் படம், 1851 சூலை 28 அன்று கோனிக்ஸ்பெர்க்கில் பெர்கோவ்ஸ்கி என்பவர் டாகுரோ முறையில் எடுத்ததாகும். அவர் பயன்படுத்திய சிறு தொலைநோக்கியின் குவியத் தொலைவு ஏறத்தாழ 81 செ.மீ.; அதில் சூரிய உருவம் 7 மி.மீ.யைச் சற்றே கடந்ததாக இருந்திருக்கும். இன்று பறவைகளைப் படமெடுப்போர் தோளில் சுமக்கும் வில்லைகள் அதற்கு மிகவும் பின்தங்கியவை அல்ல.

ஒளித்துளையும் விலையும்

விளையாட்டு, காட்டுயிர் ஆகியவற்றைப் படமெடுப்பதற்கு எஃப்/2.8 போன்ற பெரிய ஒளித்துளை விரும்பப்படுகின்றது. விலையும் எடையும் அதனாலேயே ஏறுகின்றன. கிரகணத்தைப் பொறுத்தவரை இச்செலவு வீண். சூரிய ஒளியின் இலட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே நாம் பயன்படுத்துகின்றோம். ஒளிப் பற்றாக்குறை என்பதே இங்கில்லை. எஃப்/8 ஒளித்துளை முற்றிலும் போதுமானது. பெரும்பாலான வில்லைகள் கூர்மையாகச் செயற்படுவதும் அவ்வெல்லையிலேயே. பெரிய முகப்பு இருந்தால் பெரிய வடிகட்டியும் வாங்க வேண்டும்.

இதே காரணத்தால், ஒளியைக் குறைக்கும் எனப் பிற துறைகளில் தவிர்க்கப்படும் குவியப் பெருக்கிகள் இங்கே ஏற்கத்தக்கவை. 1.4 மடங்குப் பெருக்கி ஒளியைப் பாதியாகவும், 2 மடங்குப் பெருக்கி கால் பங்காகவும் குறைக்கும். அவ்விழப்பு பொருட்டல்ல. ஆனால் நடுத்தர மாற்றுக்குவிய வில்லையின் குறைகளையும் பெருக்கி சேர்த்தே பெருக்கும் என்பதால், முன்கூட்டியே ஒரு வெயில் நாளில் வடிகட்டியுடன் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வில்லை வகைகள்

70–300 மி.மீ. மாற்றுக்குவிய வில்லைகள் பலரிடம் ஏற்கனவே உள்ளவை. வலய கிரகணத்தின் வடிவத்தையும் பகுதிக் கிரகணத்தின் பிறையையும் பதிவு செய்ய இவை போதும். 2013க்குப் பின் டாம்ரான், சிக்மா ஆகிய நிறுவனங்கள் வெளியிட்ட 150–600 மி.மீ. வில்லைகள் தனிநபர்களுக்கு எட்டும் விலையில் நீண்ட குவியத் தொலைவை அளித்தன. முகப்பு சுமார் 95 மி.மீ. விட்டமுடையதாகையால் ஆயத்த வடிகட்டி விலை மிகும். சூரிய வடிகட்டித் தாளை அட்டை வளையத்தில் ஒட்டித் தாமே செய்துகொள்வோரும் உளர்.

500 மி.மீ. எஃப்/8 ஆடி வில்லைகள் தனி வகையின. வளைந்த ஆடிகள் ஒளியை இருமுறை திருப்புவதால் உடல் குட்டையாகவும் எடை குறைவாகவும் இருக்கும். ஒளித்துளையை மாற்ற இயலாது, மாறுபாடு சற்றுக் குறைவு, வெப்பத்தால் குவியம் நகரும். ஆயினும் மெல்லிய முக்காலியில் நிற்கக்கூடிய 500 மி.மீ. என்பது சிறு நன்மையன்று. சோவியத் காலத்து எம்.டி.ஓ. 1000 மி.மீ. வில்லையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

பழைய வில்லைகளை வாங்குவோர் பூஞ்சையைக் கவனிக்க வேண்டும். குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசி வட்டாரத்தின் காற்று மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அலமாரியில் தோலுறைக்குள் வைக்கப்பட்ட வில்லையில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்வது இங்கு வழக்கம். கைவிளக்கை ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் நோக்கினால் அது தெரியும். காற்றுப் புகாத நெகிழிப் பெட்டியில் சிலிக்கா களிப் பொதிகளுடன் வைப்பதே எளிய காப்பு.

வடிகட்டி

62 மி.மீ. முகப்பு கொண்ட ஒரு வில்லை, வெயிலில் சுருங்கியுள்ள கண்மணியைக் காட்டிலும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஒளியைத் திரட்டுகின்றது. நல்ல வெயிலில் அது ஏறக்குறைய 3 வாட்டு ஆற்றலை 5 மில்லிமீட்டருக்குட்பட்ட ஒரு புள்ளியில் குவிக்கும். அப்புள்ளி விழித்திரையாயின் நேரும் சேதம் பெரும்பாலும் மீளாதது. விழித்திரையில் வலியுணரும் நரம்புகள் இல்லாமையால், பார்ப்பவருக்கு அந்நேரத்தில் எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே பார்வையின் நடுவில் கறை தோன்றும்.

வலய கிரகணத்தின்போது சூரியன் மங்கிவிட்டது போலத் தோன்றும். 2010இல் மையக்கோட்டிலும் சூரியப் பரப்பில் ஏறத்தாழ 84 விழுக்காடே மறைந்தது. எஞ்சிய 16 விழுக்காடு கண்ணைச் சுடுவதற்கு மிகையானது. வலய கிரகணத்தின் எக்கட்டத்திலும் வடிகட்டியை அகற்றலாகாது. முழுக் கிரகணத்தில் சூரியன் முற்றிலும் மறைந்திருக்கும் சில நிமிடங்களுக்கு மட்டுமே இதற்கு விலக்கு உண்டு.

வடிகட்டி வில்லையின் முன்புறத்திலேயே இருக்க வேண்டும். பின்புறத்திலோ கண்ணருகிலோ வைக்கும் வடிகட்டியின் மீது குவிந்த வெப்பம் விழுவதால் அது வெடித்துப் பிளக்கக்கூடும். ஒளியை இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும், அடர்த்தி எண் 5 கொண்ட சூரியத் தாளோ கண்ணாடியோ ஏற்றது. இதை விடக் குறைந்த அடர்த்தியுள்ள, 3.8 எண் கொண்ட தாளும் விற்கப்படுகின்றது. அது படமெடுப்பதற்கு மட்டுமே, அதன் வழியே கண்ணால் நோக்கலாகாது. ஊடுகதிர்ப் படச்சுருள், கரியேற்றிய கண்ணாடி, குறுந்தகடு, குளிர்க்கண்ணாடி, சாதாரண ஒளிகுறைப்பு வடிகட்டி ஆகியன எதுவும் உதவா. இவற்றுட் சில கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைத்து அகச்சிவப்புக் கதிரைத் தாராளமாக விட்டுவிடும். சாணம் கரைத்த நீரில் கிரகணத்தின் எதிரொளிப்பைப் பார்க்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அவ்வெதிரொளிப்பை நோக்கித் தொலைப்பட வில்லையைத் திருப்புவதும் நேராகச் சூரியனை நோக்குவது போன்றே இடர் தருவது.

வடிகட்டித் தாளைக் கிரகணத்தன்று காலையில் விளக்கொளியில் பிடித்து ஊசித்துளைகள் உள்ளனவா எனச் சோதிக்க வேண்டும். மலையடிவாரக் காற்றில் பறந்துவிடாதபடி நாடாவால் ஒட்டுவதும் அவசியம்.

படமெடுக்கும் முறை

கருவியின் தானியங்கி ஒளியளவி, சூழ்ந்திருக்கும் கரிய வானத்தைக் கண்டு ஏமாந்து சூரியனை வெளுக்கச் செய்துவிடும். எனவே அளவுகளைக் கையாலேயே அமைக்க வேண்டும். அடர்த்தி 5 வடிகட்டி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8 எனில் 1/400 நொடியைத் தொடக்கமாகக் கொண்டு, அதற்கு மேலும் கீழும் சில படங்கள் எடுத்துப் பார்க்கலாம். சூரியன் பாதி மறைந்தாலும் வளையமானாலும் தெரியும் பகுதியின் பரப்பொளி பெரிதும் மாறாது. விளிம்பு சற்றுக் கருமையானது என்பதால், மெல்லிய பிறைக்கும் வளையத்துக்கும் ஒரு படி கூடுதல் நேரம் தரலாம். மெல்லிய மேகம் கடந்தால் மேலும் கூட்ட வேண்டும்.

குவியத்தைச் சூரியனின் விளிம்பிலோ, கரும்புள்ளி இருந்தால் அதிலோ திரையில் பெரிதாக்கிச் சரிசெய்து, வளையத்தை நாடாவால் ஒட்டிவிடுவர். கிரகணம் இரண்டு மூன்று மணி நேரம் நீடிப்பதால் வில்லை சூடேறிக் குவியம் நகரும். அரை மணிக்கு ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

வில்லை இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. புளியமர நிழலில் இலை இடுக்குகளின் வழியே விழும் ஒளிவட்டங்கள் ஒவ்வொன்றும் சூரியனின் உருவமே. 108ஆல் வகுக்கும் விதி இங்கும் பொருந்தும்: இடுக்கிலிருந்து தரை வரை ஒளி செல்லும் தொலைவு 5.4 மீட்டர் எனில் உருவம் 5 செ.மீ. அகலமாகும். கிரகணத்தின்போது அவை பிறைகளாகவும், வலய நேரத்தில் வளையங்களாகவும் மாறும். தரையைப் படமெடுக்க வடிகட்டி தேவையில்லை, கைப்பேசியே போதும்.

முழுக் கிரகணம்

முழுக் கிரகணத்துக்குத் தேர்வு தலைகீழாகும். ஒளிமகுடம் சூரிய விட்டத்தைப் போலப் பல மடங்கு விரிந்திருப்பதால் நீளம் குறைந்த வில்லையே அதனை முழுமையாக அடக்கும். தமிழகம் கண்ட குறிப்பிடத்தக்க முழுக் கிரகணம் 1871 டிசம்பர் 12 அன்று நிகழ்ந்தது. நிழல் கேரளத்தின் பேக்கலிலிருந்து நீலகிரி வழியே புதுக்கோட்டையையும் யாழ்ப்பாணத்தையும் கடந்தது. பிரெஞ்சு அறிவியலாளர் ஜான்சன் நீலகிரியின் சோலூரிலிருந்து நோக்கினார். பேக்கலிலும் தொட்டபெட்டாவிலும் ஒளிமகுடம் கண்ணாடித் தகடுகளில் பதிவு செய்யப்பட்டது.

பின்வந்த, வரவிருக்கும் கிரகணங்கள்

2019 டிசம்பர் 26இன் வலயப் பாதை கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியே சென்றதால் அச்சன்புதூரில் பகுதிக் கிரகணமே தெரிந்தது. காலை 9.30 மணியளவில் சூரியன் சுமார் 37 பாகை உயரத்தில் தடித்த பிறையாக நின்றது.

2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்து வழியே செல்லும் முழுக் கிரகணம் தமிழ்நாட்டில் மாலைப்பொழுதில் பகுதிக் கிரகணமாக அமையும். சூரியன் மேற்கில் தாழ்ந்திருக்கும் வேளை அது. அச்சன்புதூருக்கு மேற்கே மலைமுகடுகள் அடிவானத்துக்குப் பல பாகைகள் மேலே எழுந்து நிற்பதால், சூரியன் உண்மை மறைவுக்கு வெகுமுன்பே மலைக்குப் பின் சென்றுவிடும். அத்துடன் அது தென்மேற்குப் பருவமழையின் நடுப்பகுதி. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேகங்களை எந்த வில்லையும் ஊடுருவாது. கிழக்கே, சமவெளியில் சில பத்துக் கிலோமீட்டர் தள்ளிச் செல்வோர்க்கு வாய்ப்பு மிகுதி.

2031 மே 21 அன்று மற்றொரு வலய கிரகணத்தின் பாதை தேனி, மதுரை, காரைக்குடி வழியே செல்லும். அச்சன்புதூர் மக்கள் மையக்கோட்டை அடைய வடக்கே பயணப்பட வேண்டியிருக்கும். இம்முறை நிலவு சூரிய விட்டத்தில் ஏறத்தாழ 96 விழுக்காட்டை மறைப்பதால் வளையம் 2010இல் இருந்ததில் பாதித் தடிப்பே இருக்கும், 300 மி.மீ. வில்லையில் 14 படவணுக்கள். 500 மி.மீ. இதற்குத் தகும். உச்சிப்பொழுதை ஒட்டி நிகழ்வதால் சூரியன் தலைக்கு மேலேயே, அதுவும் தெற்கே அல்லாமல் வடக்குப் பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்கும். சாதாரண முக்காலித் தலைகள் அவ்வளவு செங்குத்தாகத் திரும்பும்போது வில்லையின் பின்பகுதி முக்காலியின் கால்களில் இடிக்கும் என்பதால், பக்கவாட்டில் நீட்டிய கையுடைய முக்காலியை முன்னரே தேடிக்கொள்ள வேண்டும்.